ஆறு மணித் தும்மல்

தையல்கடைக்காரம்மாவுக்குக் காது கூர்மை. மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது மாடி வீட்டில் டம்ளர் உருண்டால்கூட, பெரிய டம்ளரா சின்ன டம்ளரா என்று சொல்லிவிடுவாள்.

அதனால்தான் அந்தத் தும்மல் அவளை உறுத்தியது.

மாடியில் இருப்பது கணவன், மனைவி இரண்டே பேர். அவர் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்பதுபோல் நடமாடுவார். தையல்கடைக்காரம்மா அவருக்கு வைத்த பெயர் ஊமைக்கோட்டான். அவருக்கும் சேர்த்து மனைவி பேசிவிடுவாள்.

பத்து நாளாக அந்த மனைவியைக் கண்ணிலேயே காணோம். குரல் மட்டும் கேட்டது. சாயங்காலம், சரியாக ஆறு மணிக்கு.

"ஈரத் துண்டை நாற்காலி மேல போடாதீங்கன்னு எத்தனை தடவ சொல்றது? சுவத்துக்கிட்ட பேசுற மாதிரி இருக்கு... ஹச்சூ! காது கேக்குதா, இல்லையா?"

முதல் நாள் தையல்கடைக்காரம்மா சிரித்தாள். நாலாம் நாள் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுக் கவனித்தாள். ஏழாம் நாள் அவளும் கூடவே முணுமுணுத்துப் பார்த்தாள். ஒரு எழுத்து பிசகவில்லை. தும்மல் உட்பட.

மறுநாள் மாடிப்படியில் ஊமைக்கோட்டானை மடக்கினாள்.

"என்னண்ணே, அக்காவைக் காணவே காணோம்?"

"வீட்லதான் இருக்கா. சத்தம் கேக்கலையா?" என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல்.

அன்றைக்கே கூரியர்காரர் மாடி வீட்டுக்கு ஒரு பார்சலோடு வந்தார். வீடு பூட்டியிருந்ததால் அவளிடம் கொடுத்தார். உள்ளே என்ன என்று கேட்டாள்.

"கம்ப்யூட்டர், அக்கா. மொத்தமே ஒரு சீட்டுக்கட்டு அளவுதான். விலையும் கம்மி. வீட்டுல புரோகிராம் எழுதிப் பாக்குறவங்க வாங்குவாங்க. சொன்ன நேரத்துக்கு லைட் போடும், பாட்டுப் போடும், பேசக்கூடப் பேசும். இந்த வீட்டுக்கு இது ஆறாவது."

பேசக்கூடப் பேசுமா? அவளுக்கு முதுகு சில்லிட்டது. பத்து நாளுக்கு முன்னால் ஊமைக்கோட்டான் ஒரு பெரிய பெட்டியைப் படி படியாக இழுத்துக்கொண்டு இறங்கியதும், அதைத் தூக்க முடியாமல் திணறியதும் ஞாபகம் வந்தன.

கழுத்தில் தொங்கிய அளவு நாடாவோடு அப்படியே காவல் நிலையத்துக்கு ஓடினாள்.

"ஒரு மனுஷி தினமும் ஒரே இடத்துல தும்முவாளா சார்?" என்று அவள் கேட்டபோது, கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அன்று ஆறு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது அவர் மாடி வீட்டுக் கதவைத் தட்டினார். பின்னால் தையல்கடைக்காரம்மா.

கதவைத் திறந்த ஊமைக்கோட்டானுக்கு முகம் வெளுத்தது.

"உங்க மனைவி எங்கே?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். சமையலறையிலிருந்து குரல் கிளம்பியது.

"ஈரத் துண்டை நாற்காலி மேல..."

இன்ஸ்பெக்டர் நாலே எட்டில் சமையலறைக்குள் இருந்தார். யாரும் இல்லை. அலமாரியில் டப்பாக்களுக்கு நடுவே சீட்டுக்கட்டு அளவில் ஒரு பச்சைப் பலகை. அதில் விளக்கு மினுக்கியது. பக்கத்தில் ஒரு ஸ்பீக்கர் தும்மியது.

"குரலைப் பதிஞ்சு வச்சுட்டு ஆளைத் தீர்த்துக் கட்டிட்டே, இல்ல?" இன்ஸ்பெக்டர் வயரை வெடுக்கென்று பிடுங்கினார். "பெட்டிய எங்கே போட்ட?"

ஊமைக்கோட்டான் வாயைத் திறப்பதற்குள் அவருடைய போன் அடித்தது. இன்ஸ்பெக்டர் அதைப் பறித்து, ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏங்க, சமையல்கட்டு போர்டு ஆஃப் ஆயிடுச்சுன்னு எனக்கு மெசேஜ் வருது. எதைப் பிடுங்கினீங்க?"

தையல்கடைக்காரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். அதே குரல். தும்மல்தான் இல்லை.

"நான் இன்ஸ்பெக்டர் பேசுறேன். நீங்க யாரும்மா?"

"போலீஸா? நான் அவர் வீட்டுக்காரி சார். தங்கச்சியோட கோழிப் பண்ணைக்கு வந்திருக்கேன். குஞ்சு பொரிக்கிற பெட்டியில சூடு ஏறாம இறங்காம இருக்க, இந்தக் குட்டி கம்ப்யூட்டரை வச்சுப் புரோகிராம் எழுதிக்கிட்டிருக்கேன். சாமானே ஒரு பெட்டி இருந்துச்சு, பாவம், அவர்தான் இறக்கிக் குடுத்தாரு."

"அப்போ இந்தக் கம்ப்யூட்டரெல்லாம்..."

"என்னோடதுதான். ரெண்டு வருஷமா இதான் எனக்குப் பொழுதுபோக்கு. அவருக்கு டிவி ரிமோட்டே தகராறு சார். நான் ஊர்ல இல்லைன்னு வெளிய சொல்லாதீங்க, திருட்டு பயம்னு சொல்லிட்டு வந்தேன். ஏன், என்ன ஆச்சு?"

இன்ஸ்பெக்டர் ஊமைக்கோட்டானைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இப்போது இரக்கம் இருந்தது. அவரும் கல்யாணம் ஆனவர்தான்.

"அதுக்காக, ஊருக்குப் போயும் மெஷின் வச்சா மனுஷனைத் திட்டுவீங்க? தெனம் ஆறு மணிக்கு?"



"திட்டா? நான் எதுவும் வைக்கலையே சார். மாத்திரை போட மறந்துபோகுது, ஆறு மணிக்கு மணி அடிக்க வைக்கணும்னு போன்ல கேட்டாரு. மூணு நாள் உக்காந்து ஒவ்வொரு வரியா சொல்லிக் குடுத்தேன்."

எல்லோரும் ஊமைக்கோட்டானைப் பார்த்தார்கள். அவர் தரையைப் பார்த்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"வீடு வெறிச்சுனு இருந்துச்சு சார்."

இன்ஸ்பெக்டர் போனை அவர் கையில் கொடுத்தார். தையல்கடைக்காரம்மா ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே மெல்லப் படியிறங்கினாள்.

"ஏங்க! போலீஸ் வீட்டுக்கு வர்ற அளவுக்கு என்ன கூத்து இது? பத்து நாள் தனியா விட்டா இப்படியா? வந்தவங்களை உக்காரச் சொன்னீங்களா? முதல்ல மேல சட்டையாவது போட்டிருக்கீங்களா, இல்லையா?"

ஊமைக்கோட்டான் முகமெல்லாம் சிரிப்பாக, சத்தமில்லாமல், போனில் பதிவு பொத்தானை அழுத்தினார்.