கூடத்துக்குள் ஓர் அறை

புது வீட்டுக்கு மாடி வேண்டாம் என்று முடிவானதே என் மாமியாருக்காகத்தான். நாலு வருடமாக அவர் படுத்த படுக்கை. கூடத்தை ஒட்டிப் பத்துக்குப் பத்தில் அவருக்கு ஓர் அறையை வரைந்திருந்தோம். அஸ்திவாரம் தோண்டுவதற்குள் அவர் போய்விட்டார். நான் ஜவுளி வியாபாரி, ஒரு முழத்தைக்கூடச் சும்மா விட்டதில்லை. அந்த அறையை எடுத்துவிட்டுக் கூடத்தைப் பெரிதாக்கச் சொன்னேன்.

"அம்மா போய் ஒரு மாசம்கூட ஆகல," என்றாள் மனைவி. "அந்த ரூம் இருந்துட்டுப் போகட்டுமேங்க."

"உங்கம்மா என்ன வாடகையா தரப்போறாங்க?"

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மாலையில் மேஸ்திரி புது பிளான்படி மனையில் சுண்ணாம்புக் கோடு போட்டார். பிறகு லேசாகத் தூறியது.

காலையில் போனபோது ஈர மண்ணில் வெறுங்கால் தடங்கள் இருந்தன. வாசலுக்கு விட்ட இடைவெளியில் நுழைந்து, கூடத்தின் நடுவே இல்லாத சுவரை ஒட்டியே நடந்து, ஓரிடத்தில் திரும்பி, நாலடி உள்ளே போய் நின்றிருந்தன. வெளியே வந்த தடம் இல்லை.

மேஸ்திரி டேப்பை வைத்து அளந்தார். "சார், பழைய பிளான்ல கதவு இங்கதான்."

"எவனாவது விளையாடியிருப்பான்," என்றேன்.

மனைவி குனிந்து பார்த்தாள். "நல்லாத்தான் நடந்திருக்காங்க," என்றாள்.

"கோட்டைப் பழையபடி போட்டுடட்டுங்களா?" என்றார் மேஸ்திரி.

நான் தலையாட்டினேன். மேஸ்திரி நாலு பக்கமும் வெளியே நின்றே கோடு போட்டார். உள்ளே முளைக்குச்சி அடிக்க வேண்டியிருந்தது. கோட்டைத் தாண்டாமல் கதவுப் பக்கம் சுற்றி வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, ஒருமுறை செருமிவிட்டு நுழைந்தார்.