அரை மணி நேரத் தாமதம்

"டீக்கடையைப் பார்த்தா உங்க கார் தானா நின்னுடுமாண்ணே?"

ஜெயசித்ராவுக்கு மூக்குக்கு மேல் கோபம். அரியலூரிலிருந்து பெரம்பலூருக்கு எல்லாரும் முக்கால் மணி நேரத்தில் வந்துவிடுகிறார்கள். டிரைவர் சின்னதுரைக்கு மட்டும் ஒன்றே கால் மணி நேரம் ஆகிறது. அதுவும் தினம் தினம்.

"டீ குடிக்கலைங்க மேடம். சிமென்ட் லாரி ஓடி ஓடி ரோடு குண்டும் குழியுமா கெடக்கு."

"மத்த காரெல்லாம் ஆகாசத்துலயா வருது?"

சின்னதுரை ரத்தம் நிரப்பிய சோதனைக் குழாய்கள் இருந்த பெட்டியை ஆய்வக மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அவள் பதற்றத்துக்கும் காரணம் இருந்தது. டெங்கு வந்தால் குறைந்துவிட்டது என்று வீட்டில் எல்லாரும் அலறுவோமே, பிளேட்லெட், அந்தத் தட்டணுக்களைப் பற்றித்தான் அவள் ஆராய்ச்சி. தட்டணுக்கள் சீண்டப்பட்டால் கண்ணுக்குத் தெரியாத குமிழ்களை உதிர்க்கும். சர்க்கரை நோயாளிகளின் ரத்தத்தில் அந்தக் குமிழ்கள் எத்தனை என்று எண்ணி, யாருக்கு ரத்தம் உறையும் ஆபத்து அதிகம் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா என்று பார்க்கிறாள். டாக்டர் பட்டத்துக்காக நாலு வருஷமாக உயிரைக் கொடுத்து உழைக்கிறாள். அரியலூரில் எடுத்த ரத்தத்தை இங்கே எண்ணாமல் நேரம் கடத்தினால் எண்ணிக்கை கெட்டுவிடும். இவரானால் ஊர்வலம் வருகிறார்!

நேராக வழிகாட்டிப் பேராசிரியர் இராமலிங்கத்திடம் போனாள்.

"இந்த ஆளோட முடியல சார். வேற டிரைவரைப் போடுங்க."

மறுவாரமே மணிவேல் வந்தான். நாற்பதே நிமிடம்.

"பறந்து வந்துட்டேன் மேடம்!"

"இப்படித்தான் இருக்கணும். அந்தண்ணன் என்னை ஆறு மாசமா நோகடிச்சுட்டாரு."

இரண்டு மாதம் போனது. குமிழ்களின் எண்ணிக்கை மூன்று மடங்காக ஏறியது. ஜெயசித்ராவுக்குத் தலைகால் புரியவில்லை. தாளை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"பெரிய கண்டுபிடிப்பு சார் இது! பாருங்க, எல்லாருக்கும் மூணு மடங்கு!"

இராமலிங்கம் தாளை இரண்டு தடவை பார்த்தார். "அதே நோயாளிங்கதானேம்மா? ரெண்டு மாசத்துல அத்தன பேருக்கும் ஒண்ணா ஏறுமா?"

ஜெயசித்ரா தாளைத் திரும்ப வாங்கி மறுபடி பார்த்தாள்.

"ஒண்ணு செய். உன் ரத்தத்தையே எடு. பாதி இங்க மேசையில இருக்கட்டும். பாதி மணிவேல் கார்ல அரியலூர் போயிட்டு வரட்டும். ரெண்டையும் சேர்த்து எண்ணு."

அப்படியே செய்தாள். மேசையில் இருந்த ரத்தத்தில் குமிழ்கள் சாதாரணமாகத்தான் இருந்தன. காரில் போய் வந்ததில் மூன்று மடங்கு.

ஒரே உடம்பு, ஒரே ஊசி. நோயுமில்லை, கண்டுபிடிப்புமில்லை. குழிக்குக் குழி கார் தூக்கிப் போட்டதில் தட்டணுக்கள் குமிழ்களைக் கொட்டியிருக்கின்றன. இரண்டு மாதக் கணக்கும் குப்பைத் தொட்டிக்குத்தான்.

சின்னதுரை ஓட்டிய ஆறு மாதத்துத் தாள்களைப் புரட்டினாள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக அரியலூரில் ஆரோக்கியமானவர்களிடம் எடுத்த ரத்தத்தின் கணக்கும் அதில் இருந்தது. மேசையில் அசையாமல் இருந்த அவள் ரத்தத்தின் எண்ணிக்கையும் அவர்கள் எண்ணிக்கையும் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு நாள்கூடத் தப்பவில்லை. ஆறு மாதமும் பொன்னாக நின்றது.

எவரை விரட்டினாளோ அவர்தான் அவள் பட்டத்தைக் காப்பாற்றி வைத்திருக்கிறார்.

பெரம்பலூர் கார் ஸ்டாண்டில் சின்னதுரையைப் பிடித்தாள். லப்பைக்குடிக்காட்டுக் குடும்பம் ஒன்றைத் திருச்சி ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு அப்போதுதான் வந்து கார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மேடம், நல்லாருக்கீங்களா?"

அந்த விசாரிப்பிலேயே அவளுக்கு அழுகை முட்டியது. நடந்ததை எல்லாம் கொட்டிவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

"என்னை மன்னிச்சுடுங்கண்ணே. என் நாலு வருஷம் உங்களாலதான் பொழைச்சுது. நாளையிலேருந்து நீங்கதான் வரணும்."

"அட, கையைக் கீழ போடுங்க மேடம், எல்லாரும் பாக்குறாங்க. வந்துட்டாப் போச்சு."

"எப்படிண்ணே கொண்டாந்தீங்க?"

"மெயின் ரோட்டை வுட்டுட்டு ஊருக்குள்ள சுத்தி வருவேன். எட்டு கிலோமீட்டர் கூடத்தான். ஆனா ரோடு நல்லாருக்கும். வேகத்தடை வந்தா மட்டும் கொஞ்சம் உருட்டி வுடுவேன்."

"இத்தனையும் பண்ணிட்டு, நான் திட்டினப்போ பேசாம நின்னீங்களே! ரத்தம் குலுங்கக் கூடாதுன்னு உங்களுக்கு யாருண்ணே சொன்னது?"

சின்னதுரை துடைப்பதை நிறுத்திவிட்டு அவளைப் புரியாமல் பார்த்தார்.

"என்ன மேடம் இப்படிக் கேக்குறீங்க? பெட்டி மூடியில 'குலுக்காதீங்க'ன்னு எழுதி ஒட்டி, கீழ கையெழுத்தும் போட்டது நீங்கதானே?"