வைக்காத படம்

இறந்தவர்களை வீட்டுக்கு வரவழைக்க இங்கே கட்டணம் பூஜ்ஜியம் டாலர். பூஜ்ஜியத்தில் பேரம் பேச வழியில்லாமல் என் வாய் சும்மா இருக்கிறது. ஹூஸ்டனில் ஒரு பழைய தையல் கடையை மெக்சிகோ அருங்காட்சியகம் ஆக்கியிருக்கிறார்கள். தொண்ணூற்றெட்டின் நவம்பர் வெயில் கண்ணாடிக் கதவைத் தாண்டி, இறந்தவர்கள் திரும்பி வரும் நாளுக்காகப் படிப்படியாக அடுக்கிய துலுக்கச் சாமந்தியில் விழுகிறது. பூவுக்கு நடுவே மெழுகுவர்த்திகள், சர்க்கரையில் செய்த மண்டையோடுகள், அக்கம்பக்கத்தார் கொண்டுவந்த படங்கள். வெளியிலிருந்து பார்த்து, இங்கேயும் கொலு வைக்கிறார்கள் என்று பத்மராணி அக்காவை அழைத்து வந்தவன் நான்தான். அக்கா கைக்குட்டையை எடுக்கும்போது கைப்பையிலிருந்து மகன் கபிலாஷின் படம் தரையில் விழுகிறது. அருங்காட்சியகத்தைப் பார்த்துக்கொள்ளும் ரோசல்பா அதை எடுத்துத் துடைத்து, மேல்படியில் இரண்டு மெழுகுவர்த்திகளை நகர்த்தி இடம் செய்து, வாசல் கரும்பலகையில் எண்ணிக்கையை நாற்பத்திரண்டு ஆக்கிவிட்டு வந்து, ஆங்கிலத்தில் மெதுவாக ஏதோ சொல்கிறாள்.

“என்னவாம், தம்பி?”

“செத்தவங்க படம் வைக்கிற படியாம், அக்கா. உங்க பையனுக்கும் இடம் இருக்காம். ஃப்ரீயாம்.”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடிக்கிறேன். யாழ்ப்பாணத்துச் சோதனைச்சாவடியில் ராணுவம் பஸ்ஸிலிருந்து இறக்கிக்கொண்ட பையன். இரண்டு வருடமாகத் தகவல் இல்லை. அக்கா கையை நீட்டிப் படத்தை வாங்கிக்கொள்கிறாள்.

“ஆர் சொன்னது அவன் செத்தவன் எண்டு? பிடிச்சவங்கள் வந்து சொல்லட்டும். அதுவரைக்கும் என்ர பிள்ளைக்கு ஒருத்தரும் பூ வைக்கேலாது. அப்பிடியே சொல்லும் அவவுக்கு.”

ஒரு சொல் குறைக்காமல் சொல்கிறேன். ரோசல்பா வாசலுக்குப் போய், கரும்பலகையில் அவசரப்பட்டு ஏற்றிவிட்ட எண்ணிக்கையை உள்ளங்கையால் அழித்துத் திருத்துகிறாள். இறந்தவர்கள், நாற்பத்தொரு பேர்.