கெட்டித் தண்ணீர்

சாப்பிட உட்கார்ந்ததும் பொன்னுரங்கம் தட்டைச் சாய்த்துப் பார்ப்பார். குழம்பு ஓடி விளிம்பைத் தொட்டால் தட்டு சுவருக்குப் பறக்கும். “இது குழம்பா, கை கழுவுன தண்ணியா?” என்பார். அவர் மனைவி தெய்வநாயகி சுவரைத் துடைத்துவிட்டு மறுபடி அடுப்பைப் பற்றவைப்பாள். பிறகு எல்லாக் குழம்பிலும் சோள மாவைக் கரைத்து ஊற்றக் கற்றுக்கொண்டாள். ஒருவழியாக இவளுக்குக் கைப்பக்குவம் வந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அவருக்குப் பக்கவாதம் வந்தபோது வலது கையோடு தொண்டையும் பாதி செத்துப்போனது. “தண்ணியா எதையும் குடுத்துடாதீங்கம்மா, நுரையீரலுக்குள்ள போயிடும். உசுருக்கே ஆபத்து,” என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ். “சோள மாவு போட்டுக் காய்ச்சி ஆறவச்சுக் குடுங்க. கரண்டியச் சாய்ச்சா ஓடக் கூடாது.”

அதை அவளுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து தண்ணீர், காபி, இளநீர் எல்லாமே கூழாகத்தான் அவர் வாய்க்குள் போயின. ஒவ்வொரு வாய்க்கும் முன்னால் அவள் கரண்டியைச் சாய்த்துப் பார்ப்பாள். அவர் அதைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார்.

சித்திரை வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், அவர் இடது கையால் கரண்டியைத் தட்டிவிட்டார். கூழ் சுவரில் போய் அப்பிக்கொண்டது.

“தண்ணி,” என்று குழறினார். “வெறும் தண்ணி.”

“வெறும் தண்ணியா?” என்று கேட்டாள்.

அவர் தலையாட்டினார்.

அவள் பானையிலிருந்து ஒரு டம்ளர் மொண்டு வந்து, அவருடைய இடது கைக்கு எட்டும்படி வைத்தாள். பிறகு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பினாள். துடைக்க வேண்டியது நிறைய இருந்தது.