அறுந்துபோகாத பேட்டு

"இங்க வாங்குற பேட்டாச்சும் அத்துப்போகாம இருக்குமா? எழுதிக் குடுப்பியா?" என்று கேட்டாள் சைதுன் பீவி.

கல்லாவுக்குப் பின்னால் நின்ற சப்ரின் சிரித்தாள். "பேட்டு அத்துப்போகாதும்மா. அத்துப்போறது நரம்புதான். மொதல்ல உக்காருங்க, இந்த வெயில்ல வந்திருக்கீக." மின்விசிறியை அவள் பக்கம் திருப்பிவிட்டு, தண்ணீர் பாட்டிலையும் எடுத்து வைத்தாள்.

சைதுன் பீவி மனதுக்குள் ஒரு மார்க் போட்டுக்கொண்டாள்.

பேட்டு வாங்குவதெல்லாம் சும்மா ஒரு சாக்கு. அவள் வந்தது பெண் பார்க்க. மகன் வாஹிதுக்கு இதுவரை ஆறு பெண்களின் போட்டோவைக் காட்டியாகிவிட்டது. மூக்கு சரியில்லை, முழி சரியில்லை என்று ஏதாவது காரணம் சொல்லித் தொலைத்தானா என்றால் அதுவும் இல்லை. "வேணாம்மா", அவ்வளவுதான். வயதோ முப்பதைத் தொட்டுவிட்டது. ஏழாவதாகத் தரகர் நீட்டியது, காரைக்குடி செக்காலை ரோட்டில் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கும் ஹபீப் ரகுமானின் மகள் சப்ரினுடைய போட்டோவை. அதைப் பார்த்துவிட்டு, "உங்க இஷ்டம்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டான் பிள்ளை.

இந்த ஒரு சொல்லுக்காக எத்தனை நாள் ஏங்கிக் கிடந்தாள்! ஆனால் இஷ்டம் அவளுடையது என்றால், நாளைக்கு ஏதாவது ஏறுக்குமாறாகப் போனால் பழியும் அவள் தலையில்தான் விடியும். முறைப்படி போய்ப் பார்த்தால் எந்தப் பெண்ணும் தலையைக் குனிந்துகொண்டு டீ கொடுக்கும். அதில் நிஜக் குணம் எங்கே தெரியப்போகிறது? அதனால்தான் வெள்ளிக்கிழமை, ஹபீப் ரகுமான் ஜும்ஆவுக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, நரம்பு அறுந்து கிடந்த வாஹிதின் டென்னிஸ் பேட்டைத் துணிப்பையில் சுற்றிக்கொண்டு தன் ஊர் புதுவயலில் பஸ் ஏறிவிட்டாள். தான் யார் என்று இங்கே மூச்சுகூட விடவில்லை.

"எங்குட்டு அத்துருக்கு, காட்டுங்கம்மா."

சைதுன் பீவி பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். சப்ரின் அதை வாங்கி, தொங்கிக்கொண்டிருந்த நரம்பின் முனையை விரலால் தடவிப் பார்த்தாள். ஏனோ உதட்டைக் கடித்துக்கொண்டாள். சிரிப்பை அடக்குவது போலிருந்தது. சிரித்த முகம் நல்லதுதானே என்று இன்னொரு மார்க் விழுந்தது.

"மகனுக்காம்மா?"

"ஆமா. மூணு வருசமா ஆடுறான். பேங்க் விட்டா நேரா டென்னிஸ் கோர்ட்டுதான். புதுசாப் பழகுறவுகளுக்கு மேல, பெரிய ஆட்டக்காரவுகளுக்குக் கீழன்னு வையி. என்னா அடி அடிப்பானோ, பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா நரம்பை அத்துக்கிட்டு வந்து நிக்கிறான். அந்தா, கண்ணாடிக்குள்ள கருப்பா இருக்கே, அதைக் குடு. வெலை எம்புட்டு இருந்தாலும் பரவால்ல."

இது அவள் வைத்த பரீட்சை. காசுக்கு ஆசைப்படும் பெண்ணாக இருந்தால், சட்டென்று எடுத்து பில் போட்டுவிடும்.

சப்ரின் அசையவில்லை. "அது வேணாம்மா. முந்நூத்தி இருபது கிராம். நாள் பூரா ஆடுறவுகளுக்குத்தான் அது. நடுத்தரமா ஆடுறவுக அதை வீசுனா முழங்கை போயிரும். அதுக்காக ரொம்ப லேசாவும் எடுக்கக் கூடாது, பந்து வேகமா வந்தா கையிலயே திரும்பிக்கிரும்." சுவரில் வரிசையாக மாட்டியிருந்தவற்றில் ஒன்றின் கைப்பிடியைப் பார்த்தாள், தள்ளினாள். அடுத்ததை உருவி எடுத்தாள். "இது எரநூத்தித் தொண்ணூறு. தலையும் பெருசுமில்ல, சிறுசுமில்ல. கைப்பிடி மூணாம் நம்பர், அவுக கைக்கு இதுதான் சரி. வெலையும் அதுல பாதிதான்."

"வேற கடையா இருந்தா கூடுனதைத்தான் தலையில கட்டியிருப்பாக" என்றாள் சைதுன் பீவி.

"கட்டலாம்மா. அப்பறம் கை வலிக்குதுன்னு வந்தா தைலம் தேய்க்கிறது நீங்கதானே?"

அடியாத்தே! சைதுன் பீவிக்கு மனசு நிறைந்து போயிற்று. மார்க் போடுவதையே விட்டுவிட்டாள். இப்படி ஒருத்தி வீட்டுக்கு வர வேண்டும் என்றுதானே அவள் அத்தனை தொழுகையிலும் கையேந்தினாள். ஞாயிற்றுக்கிழமையே உறவுக்காரர்களைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வந்துவிட வேண்டியதுதான். அந்தப் பயல் மட்டும் மறுபடியும் 'வேணாம்மா' என்று ஆரம்பிக்காமல் இருக்க வேண்டுமே!

"சரிம்மா, இதையே குடு. ஆனா ஒண்ணு. இதுலயும் பதினஞ்சு நாள்ல நரம்பு அத்துப்போச்சு, நேரா ஒன்னையத்தான் வந்து கேப்பேன், ஆமா!"

புது பேட்டைப் பைக்குள் வைக்கப்போன சப்ரின் நின்றாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். இதுவரை கடகடவென்று பேசிய பெண்ணுக்கு இப்போது முகம் சிவந்து, பார்வை கல்லாவைவிட்டு நிமிரவில்லை. பழைய பேட்டை மெல்ல சைதுன் பீவியின் பக்கம் நகர்த்தினாள்.

"அடிச்சு அத்த நரம்புன்னா முனை தும்பு தும்பாப் பிரிஞ்சிருக்கும். இதைப் பாருங்க, ஒரே சீரா இருக்கு. கத்தரிக்கோல்ல வெட்டுனது."

சைதுன் பீவி நரம்பைப் பார்த்தாள். பெண்ணைப் பார்த்தாள்.

"எட்டு மாசமா உங்க மகன் இப்படித்தான் வெட்டி வெட்டிக் கொண்டாந்து குடுக்குறாக" என்றாள் சப்ரின், காதில் விழுந்தும் விழாத குரலில். "நானும் ஒண்ணும் தெரியாத மாதிரியே பதினாறு தடவை நரம்பு கட்டிக் குடுத்துட்டேன், மாமி."