தூங்காத டியூனர்

டமார்! விழுந்த இடியில் ஜன்னல் கண்ணாடிகள் நடுங்கின.

“நைஜல்! டிவி பெட்டி பிளக்கைப் புடுங்குலா!” கையில் கரண்டியோடு ஓடிவந்தாள் பெட்ரீசியா.

“அம்மா, மீட்டரைத் தொடாதீங்க! டெஸ்ட் ஓடுது!”

“என்னா டெஸ்ட்டு? எஸ்டேட்டுல இருந்தப்ப இடி விழுந்து நம்ம டிவி கருகிப்போனது மறந்துபோச்சா?”

புந்தோங்கில் தன் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் நைஜலுக்கு அன்று வாழ்வா சாவா. கம்பெனியின் புது டிவி பெட்டியை அணைத்தாலும், உள்ளே சிக்னலைப் பிடிக்கும் டியூனர் தூங்காமல் கரண்டைக் குடித்துக்கொண்டிருந்தது. அது குடிக்கும் அளவைக் காட்டத்தான் சுவர் பிளக்குக்கும் பெட்டிக்கும் நடுவே அந்த மீட்டர். அதைத் தூங்கவைக்க வேண்டிய டிரைவர் மென்பொருள் அவன் எழுதியது. மாலைக்குள் சரிசெய்யாவிட்டால் வீட்டிலிருந்து பார்க்கும் வேலை போய், வீட்டில் சும்மா இருக்கும் வேலைதான் மிஞ்சும்.

“அணைச்சா அணைஞ்சிட வேண்டியதுதானே?”

“உள்ள ஒருத்தன் முழிச்சிக்கிட்டே இருக்கான்மா.”

“அப்ப உன்னை மாதிரிதான்.”

நைஜல் அறைக்குள் போய் லேப்டாப்பைத் திறந்தான். ஒருவழியாகத் திருடன் சிக்கினான். சிக்னல் வருகிறதா என்று பார்க்கும் வேலை பின்னால் ஓடிக்கொண்டே இருந்து, கண் அசந்த டியூனரை உலுக்கி எழுப்பிக்கொண்டிருந்தது. அதை நிறுத்தினான். புது டிரைவரைப் பெட்டிக்கு அனுப்பி, ‘தூங்கு’ என்று கட்டளையும் கொடுத்தான்.

மறுபடி ஓர் இடி. கூடத்துக்கு ஓடி மீட்டரைப் பார்த்தான்.

பூஜ்யம்!

ரிமோட்டுக்குக் காது கொடுக்கவாவது கொஞ்சம் கரண்டு வேண்டுமே என்று மனத்தின் ஒரு மூலை முனகியது. சந்தோஷம் அதன் வாயைப் பொத்தியது. கோப்பெங் ஊரில் தன்னைப் போலவே வீட்டிலிருந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த மேலதிகாரி விவியனை அழைத்தான்.

“மேடம், பூஜ்யம்!”

“உண்மையாவா? இங்க மழை, லைன் சரியில்ல. என் பெட்டியிலயும் போட்டுப் பாத்துட்டுக் கூப்புடுறேன்.”

போனை வைத்ததும் பெட்ரீசியா சிரித்தாள்.

“தூங்கிடுச்சா? நல்லவேளை, ரெண்டாவது இடி விழுந்ததுமே நான் பிளக்கைப் புடுங்கிட்டேன்.”

“அலாமாக்! தொடாதீங்கன்னு சொன்னேன்ல!”

“மீட்டரைத்தானே தொடாதேன்னே? பெட்டி பிளக்கை மட்டும்தான் புடுங்கினேன்.”

நைஜல் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனை எடுப்பதற்குள் அதுவே அடித்தது.

“மேடம், மன்னிச்சிடுங்க, அந்தப் பூஜ்யம் வந்து...”

“என்னா மன்னிப்பு? இங்கயும் பூஜ்யம்தான்! கம்பெனிப் பெரியவங்க எல்லாருக்கும் அனுப்பிட்டேன். அடுத்த புரொஜெக்ட்டும் உங்களுக்குத்தான்!”

நைஜலுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்படியானால் டிரைவர் நிஜமாகவே வேலை செய்கிறது! அம்மாவைப் பார்த்துக் காலரைத் தூக்கிவிட்டான்.

அப்போது போனில், விவியனின் குரலுக்குப் பின்னாலிருந்து ஒரு வயதான பெண்குரல் கேட்டது:

“விவியன், இடி நின்னுடுச்சுலா. உன் பெட்டி பிளக்கைத் திரும்ப மாட்டிடவா?”