இரண்டும் கறுப்பு

இரண்டாவது கிடாரையும் வாசித்து முடித்தான்.

ஒன்றும் தெரியவில்லை.

மறுபடியும் முதல் கிடார். வயரை மாற்றிச் செருகினான். தடித்த கம்பியைச் சுருதி இறக்கி, உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு விரட்டி விரட்டி அடித்தான். கடையின் கண்ணாடி அலமாரி அதிர்ந்தது.

அதே சத்தம்தான்.

இரண்டும் கறுப்பு. ஒரே கம்பெனி, ஒரே உருவம். கம்பிகளுக்கு அடியில் இருக்கும் காந்தம் மட்டும் வேறு. ஒன்றில் சத்தம் மொத்தையாக வரும், மற்றதில் கூராக வரும் என்று வீடியோவில் சொல்லாத ஆள் இல்லை. பதினோரு வீடியோ பார்த்தாயிற்று. ஆளாளுக்கு வாசித்துக் காட்டிவிட்டு, கேட்டீர்களா கேட்டீர்களா என்கிறார்கள்.

எதைக் கேட்பது?

எரிச்சலாக வந்தது.

திருச்சியில் பெரும்பாலும் சர்ச்சுகளுக்குக் கீபோர்டு விற்கிற கடை அது. கடைக்காரர் தன்னால் ஆன உதவியைச் செய்தார். இரண்டு கிடாரையும் இரண்டு கையில் தூக்கி, பூசணிக்காய் வாங்குகிறவர் மாதிரி எடை பார்த்தார்.

“ஹெவி மியூசிக்குன்னுதானே சொன்னீங்க தம்பி? அப்ப இதையே எடுங்க. அரை கிலோ கூட இருக்கும்.”

வேறொரு நாளாக இருந்தால் இதை வைத்தே ஒரு வருடம் சிரித்திருப்பான்.

இரண்டு வாரத்துக்கு முன்னால் தில்லைநகரில் காது டாக்டர் ஒரு தாளைக் காட்டினார். அதில் ஒரு கோடு நேராகப் போய்ப் பாதியில் பள்ளத்தில் விழுந்திருந்தது. கனத்த சத்தமெல்லாம் கேட்கும், மெல்லிய கூர்மையான சத்தங்கள் போய்விட்டன, இனி வராது என்றார். பன்னிரண்டு வருடம் ஸ்பீக்கர் முன்னால் நின்றதற்குக் கிடைத்த பரிசு.

யாரிடமும் சொல்லவில்லை.

எப்படிச் சொல்வான்? அவர்கள் இசைக்குழுவுக்கே காது அவன்தான். மற்ற மூவரும் அடிப்பார்கள், கத்துவார்கள். சரியா தப்பா என்று சொல்வது அவன் வேலை. வருகிற திங்கட்கிழமை அவர்களுடைய முதல் ஆல்பத்துக்கான ஒலிப்பதிவு. காது போனவனுக்கு அங்கே என்ன வேலை?

அதனால்தான் இருதயராஜைக் கூட்டி வந்திருந்தான். குழுவில் டிரம்ஸ் வாசிப்பவன். பெயரில்தான் இருதயம், கையும் காலும் இரும்பு. முகத்தில் எதையும் மறைக்கத் தெரியாது. சத்தம் பிடித்துவிட்டால் தலை தானாக ஆட ஆரம்பித்துவிடும். எந்தக் கிடாருக்குத் தலை ஆடுகிறதோ அதை எடுத்துக்கொண்டு போய்விடலாம் என்பது திட்டம்.

அடித்துக்கொண்டே ஓரக்கண்ணால் பார்த்தான்.

ஆடவில்லை.

கிடாரை மாற்றினான்.

ம்ஹூம். ஸ்டூலில் உட்கார்ந்து இவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான் தடியன்.

“எதுடா? வாயைத் திறந்து சொல்லித் தொலையேன்.”

“நீ மொதல்ல சொல்லு.”

“உன்னைத்தானே கேக்குறேன்?”



கீபோர்டு வாங்க வந்த இரண்டு கன்னியாஸ்திரீகள் வாசலிலேயே காதைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். அவர்களுக்காவது ஏதோ கேட்கிறது.

ஆத்திரம் தலைக்கேறியது. கிடார்கள் மேல், அந்தப் பதினோரு வீடியோக்காரர்கள் மேல், கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருக்கும் இவன் மேல். சொல்ல மாட்டேன் என்கிறானே. ஒருவேளை தெரிந்துவிட்டதோ? தெரிந்துகொண்டுதான் சோதிக்கிறானோ?

இருதயராஜ் எழுந்து வந்தான். ஆம்ப்ளிஃபயரை அணைத்தான். கடைக்காரருக்குக் கேட்காதபடி பக்கத்தில் குனிந்து ஏதோ சொன்னான். உதட்டசைவையும் சேர்த்துப் பார்த்ததால்தான் இவனுக்குப் புரிந்தது.

“மாப்ள, எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான்டா கேக்குது. ஆறு மாசமா சிம்பல் தட்டு சத்தமே காதுல சரியா விழ மாட்டேங்குது. பசங்ககிட்ட சொல்லிடாத.”

இவன் கம்பிகளைப் பார்த்தான்.

சொல்லிவிடலாம். இதைவிட நல்ல நேரம் வராது. எனக்கும்தான்டா. ஒரே ஒரு வார்த்தை. நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“உனக்கு வித்தியாசம் தெரியுதுல்ல?”

அவர்கள் பழகி எட்டு வருடம் ஆகிறது. இருதயராஜின் கண்ணில் பயத்தை இன்றுதான் இவன் பார்க்கிறான்.

“தெரியுது.”

கையில் இருந்தது எது என்றுகூடப் பார்க்காமல் கடைக்காரரிடம் நீட்டினான்.

“இதுதான்.”

இருதயராஜ் பெருமூச்சு விட்டான். இவன் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினான்.

“போதும்டா. நீ ஒருத்தன் இருக்கல்ல.”